சுப்பையனின் யெஸ்டி

கணபதி, கோவை
2-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

மதிவதனி எழுதுகிறேன். போனில் பேசினால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசி, கடைசியில் ஒன்றும் புரியாமல் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். என் கையெழுத்து மெக்கானிக் கையெழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா போய் ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் மண்டைக்குள் ஏறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எப்போதும் போல ரேஸ் கோர்ஸில் எங்கள் பழைய வண்டிக் கூட்டம் கூடியிருந்தது. பெருந்துறை பீர் முகம்மது அண்ணனின் ராஜ்தூத் ஸ்டார்ட் ஆகவில்லை. உங்கள் வீட்டுக்காரர் பிளக்கைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். ஒரே உதை, பிடித்துக்கொண்டது. "அவ்வளவுதானுங்க" என்று சொல்லிவிட்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார். "அம்மணி, ஒரு டீ சொல்லு" என்றார். நான் டீயோடு திரும்பி வந்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே போயிருக்கிறேன். என் வீட்டுக்காரர் பிரான்சிஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளப் செயலாளர் கிருபாசங்கர், அண்ணாவுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார். ஜூன் முதல் ஞாயிறு வெளியீடு. ஆளுக்கொரு பக்கம் எழுதுகிறார்கள். பீர் முகம்மது அண்ணன் தன் கார்பரேட்டர் கதையை எழுதிவிட்டார். அது உங்களுக்குத் தெரியுமா? அவருக்கு எங்கே தேடியும் கார்பரேட்டர் கிடைக்கவில்லை என்றதும், அண்ணா தன் வண்டியிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டியை அங்கேயே நிறுத்திப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாராம். இப்படி ஆளுக்கொரு கதை. கோவையில் ஓடுகிற பழைய வண்டிகளில் பாதியில் அவர் கொடுத்த சாமான் ஏதாவது ஒன்று இருக்கும்.

முதல் கட்டுரை நான்தான் எழுத வேண்டுமாம். என் கதை எல்லாவற்றையும்விடப் பெரியது இல்லையா. நாங்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தான், ஊருக்கு வெளியே எங்கள் ஆட்கள் குடியிருந்த வளவில் இருந்தோம். அப்பா சுப்பையன் அங்கிருந்து தினமும் மில்லுக்கு ஒரு 1979 மாடல் யெஸ்டி மோட்டார் சைக்கிளில் போய் வந்தார். 1989-இல் அது திருட்டுப் போய்விட்டது. அந்த மாதமே நாங்கள் கணபதிக்கு வந்துவிட்டோம். எனக்கு அப்போது நாலு வயது, ஒன்றும் நினைவில்லை. 2016-இல், அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த ஆர்.சி. புக்கைக் கொண்டுபோய் அண்ணாவிடம் காட்டினேன். பெயரையும் ஊரையும் வெகுநேரம் பார்த்தார். "நம்பர் இருக்குதல்ல, தேடலாம் அம்மணி" என்றார். அடுத்த வருடம் "கெடைச்சிருச்சு, ஒரு காயலான் கடையில" என்று போன் செய்தார். நான் லேத் பட்டறையில் நின்று ஓவென்று அழுதுவிட்டேன்.

பிறகு இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல், உங்கள் ஷெட்டில் அதைச் சேர்ந்து கட்டினோம். மற்ற ஒர்க்ஷாப்களில் "பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர்" என்றுதான் கேட்டார்கள். அவர் ஒருவர்தான் ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். ஒரு விசித்திரம் பாருங்கள். ஊரில் எல்லாருடைய வண்டியையும் ஓட்டிப் பார்க்கும் மனிதர், எங்கள் யெஸ்டியில் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. கேட்டால், "அது உங்கப்பாவோடது அம்மணி" என்பார்.

அப்பாவிடம் வண்டியைக் கொடுத்த நாளில் அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதன் பிறகு சாகும்வரை தினமும் சாயங்காலம் அதைத் துடைத்தார். "அம்மணி வண்டி" என்று தெருவில் எல்லாரிடமும் காட்டுவார்.

எந்தக் காயலான் கடை, யாரிடமிருந்து வந்தது என்று அண்ணா எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா? அதைச் சரியாக எழுத வேண்டும் என்று ஆசை. அவருடைய டைரியைக் கொஞ்சம் பாருங்கள் அக்கா.

உங்கள் தங்கை,
மதிவதனி


கிணத்துக்கடவு
16-4-2025

மதிக் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று தடவை படித்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் என் காதருகில் வந்து சத்தம் போட்டார்கள், ஒன்றும் விளங்கவில்லை. எழுத்தென்றால் நிறுத்தி நிதானமாகப் படிக்க முடிகிறது. இனி இப்படியே எழுது.

இந்த வருடம் சித்திரைக்கனி வைக்கவில்லை. மிதுன் பெங்களூருக்கு வந்து தன்னோடு இரு அம்மா என்கிறான். பத்தாவது மாடியில் போய் உட்கார்ந்து நான் என்ன செய்ய? தென்னைக்கு யார் தண்ணீர் விடுவது? அவன் வைகாசியில் வந்து ஷெட்டைக் காலி செய்கிறேன் என்கிறான். அதற்குள்ளேயே யார் யாரோ வந்து எட்டிப் பார்க்கிறார்கள். உங்கள் கூட்டத்து ஆட்கள் இல்லை, வியாபாரிகள். ஒருவன் எனக்குக் காது கேட்காது என்று தெரிந்துகொண்டு என் எதிரிலேயே போனில் விலை பேசினான். வாயசைப்பு எனக்கு விளங்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எல்லாருக்கும் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். கொடுத்தார்தான். வீட்டு மிக்ஸி கெட்டுப்போய் எட்டு மாதம் கிடந்தது, அதைத் திறந்து பார்க்க மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதையும் மலரில் போடு.

நீ கேட்டது எதுவும் டைரியில் இல்லை. அவர் அப்படியெல்லாம் எழுதி வைக்கிற ஆள் இல்லை. அந்த யெஸ்டிக் கதையை விட்டுவிட்டு வேறு ஏதாவது எழுதினால் என்ன கண்ணு? உனக்கு ஸ்பேனர் கொடுத்ததை எழுது, அதுவே நன்றாக இருக்கிறது.

போன வருடம் அவருக்கு ஒரு தடவை நெஞ்சு வலி வந்ததே, அதற்குப் பிறகு ஷெட்டில் சில பெட்டிகளின் மேல் பெயின்ட்டில் பெயர் எழுதி வைத்தார். யாருக்கு எது என்று. ஒரு பச்சைத் தகரப் பெட்டியில் உன் பெயர் இருக்கிறது. நான் திறந்து பார்க்கவில்லை. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நல்ல கனம், தூக்கும்போது பார்த்துத் தூக்கு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சென்னியம்மாள்


கணபதி
30-4-2025

அக்காவுக்கு,

பெட்டி வந்தது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு நாள் சும்மா இருந்தேன்.

மேலே எல்லாம் எங்கள் வேலைக்கான சாமான்கள். அடியில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதற்குள் நம்பர் பஞ்ச் ஒரு செட். உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். விரல் நீளத்துக்கு இரும்புத் துண்டுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் எண். எஞ்சின் மேல் வைத்துச் சுத்தியால் தட்டினால் அந்த எண் பதிந்துவிடும். கம்பெனியில் அடிக்கிற நம்பரை அழித்துவிட்டு வேறு நம்பர் அடிக்கிறவர்கள் வைத்திருக்கும் சாமான் அது. அண்ணாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "நம்பர்ல கை வெச்சாப் போச்சு, அப்புறம் அது வண்டியே இல்லீங்க" என்று கூட்டத்தில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! அவர் பெட்டியில் இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

விளையாட்டாகத்தான் ஒரு அலுமினியத் துண்டை எடுத்துப் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை அடித்துப் பார்த்தேன். மூன்றின் கீழ் நுனியில் ஒரு சின்னப் பிசிறு விழுந்தது. பஞ்சின் முனை அந்த இடத்தில் உடைந்திருக்கிறது. அந்தப் பிசிறை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

வாசலுக்குப் போய் எங்கள் யெஸ்டியின் எஞ்சினைத் துடைத்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தேன். அப்பாவின் நம்பரில் மூன்று இரண்டு தடவை வருகிறது. இரண்டிலும் அந்தப் பிசிறு இருந்தது. ஃபிரேமில் பார்த்தேன், அங்கேயும் இருந்தது. லென்ஸ் கையிலிருந்து விழுந்து உடைந்தது. பிரான்சிஸ் ஓடி வந்து, "என்னாச்சு, கரன்ட் அடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

இதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். யார் வண்டி வந்தாலும் நான் முதலில் நம்பரைத்தான் பார்ப்பேன். நாலு பேர் வண்டியில் போலி நம்பரைக் கண்டுபிடித்துக் கூட்டத்தில் பெரிய ஆளாகியிருக்கிறேன். என் வீட்டு வாசலில் ஆறு வருடமாக நிற்கிற வண்டியை மட்டும் ஒருநாளும் லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. அவர் கொண்டுவந்து கொடுத்தது, எதற்குப் பார்க்க வேண்டும்?

அது என் அப்பாவின் வண்டி இல்லை. ஆர்.சி. புக்கை நானே அவர் கையில் கொடுத்தேன், அதைப் பார்த்து அடித்திருக்கிறார். என் அப்பா யாருடைய வண்டியையோ தினமும் துடைத்துத் துடைத்துச் செத்துப்போனார். "உங்க வண்டி கெடைக்கலீங்க, இது வேற வண்டி, வெச்சுக்கோங்க" என்று சொல்லிக் கொடுத்திருந்தால் இரண்டு கையாலும் வாங்கியிருப்போமே. எதற்கு இந்தப் பொய்? இரண்டு வருடம் என்னோடு உட்கார்ந்து அந்தப் பொய்க்குப் பாலிஷ் போட்டாரா?

நீங்கள் "அந்தக் கதையை விட்டுவிடு" என்று எழுதியிருந்ததை நேற்று மறுபடி படித்தேன். உங்களுக்குத் தெரியும் அக்கா. என் அப்பாவின் வண்டி எங்கே?

கட்டுரையை இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஒரு பொய்யை அச்சடித்து அதன் கீழே என் பெயரைப் போட மாட்டேன். பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் நேரில் வந்து கேட்பேன்.

மதிவதனி


கிணத்துக்கடவு
10-5-2025

மதிக்கு,

நீ நேரில் வந்தால் என்னால் சொல்ல முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன். படித்து முடித்த பிறகு என்னை அக்கா என்று கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை.

உன் அப்பாவின் வண்டி திருட்டுப் போகவில்லை. எங்கள் மேற்குத் தோட்டத்துப் பாழுங்கிணற்றில் கிடந்தது. போட்டவர்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர், அவருடைய பெரியப்பன் மகன்கள் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் இப்போதும் எங்கள் வீதியில்தான் இருக்கிறார்.

அந்தக் காலத்தில் வளவு ஆட்கள் யாரும் கோயில் வீதியில் வண்டி மேல் உட்கார்ந்து போகக் கூடாது. சைக்கிளானாலும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். உன் அப்பா யெஸ்டி வாங்கிய பிறகும் அப்படித்தான் செய்தார். வீதி ஆரம்பத்தில் எஞ்சினை அணைப்பார், அவ்வளவு கனத்தையும் தள்ளிக்கொண்டே வருவார், எங்கள் வீடு தாண்டியதும் உதைத்து ஏறிப் போவார். இவர் வாசலில் நின்று தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது இவரிடம் இருந்தது ஒரு மொபெட். யெஸ்டியில் உதைக்கிற லீவரே கியர் லீவராகவும் ஆகும் என்று என்னிடம் அதிசயமாகச் சொல்வார். கல்யாணமாகி ஒரு வருடம், எனக்கு அதெல்லாம் எங்கே புரிந்தது?

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. வீதி முழுக்கச் சேறு. பின்னால் உன் அம்மா, மடியில் நீ, உன் மேல் உரச்சாக்குப் பிளாஸ்டிக் காகிதம் போர்த்தியிருந்தது. சேற்றில் தள்ள முடியாது என்று உன் அப்பா இறங்காமல் ஓட்டிக்கொண்டே போய்விட்டார். கோயில் மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இரண்டு நாள் கழித்து, உன் அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்தபோது மூன்று பேரும் போய் வண்டியை எடுத்தார்கள். தென்னந்தோப்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து கிணறு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனது இவர். மற்ற இருவருக்கும் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யத் தெரியாது. உன் அப்பா செய்வதைப் பார்த்துப் பார்த்து இவருக்குத் தெரிந்திருந்தது. இவர் முதன்முதலில் ஓட்டிய மோட்டார் சைக்கிள் அதுதான். நான் அன்றைக்கு வீட்டு அடுப்படியில் இருந்தேன். பிறகுதான் எனக்குத் தெரியும்.

2016-இல் நீ ஆர்.சி. புக்கைக் காட்டிய அன்று வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அடுத்த கோடையில் பெரிய வறட்சி, கிணறு வற்றியது. கயிறு கட்டி இறங்கினார். தொட்டால் உதிர்கிற இரும்புதான் மேலே வந்தது. அதன் பிறகுதான் அதே வருடத்து வண்டியைத் தேடி வாங்கி, நம்பரை அடித்தார். அடித்துவிட்டு, "இதையும் செஞ்சுபோட்டேன் சென்னி" என்றார். அந்தப் பஞ்சை ஏன் உன் பெட்டியில் வைத்தார், மறந்து வைத்தாரா, தெரிந்தே வைத்தாரா, எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டியைக் கொடுத்துப் பத்து நாள் இருக்கும். உன் அப்பா பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது எனக்குக் காது இவ்வளவு மோசமில்லை. உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை, மாமர நிழலில் நின்றே பேசினார்.

"அது எம்பட வண்டி இல்லீங்க. எம்பட வண்டி எங்க கெடக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. ஆரு ஓட்டிட்டுப் போனதுன்னும் தெரியும். அம்மணிகிட்ட நான் சொல்ல மாட்டேன், அது உங்க மேல உசுரா இருக்குது. நீங்க ஒண்ணே ஒண்ணு செஞ்சாப் போதுமுங்க. நோம்பி நாள்ல கோயில் வீதியில எல்லாரும் நிக்கறப்ப, நாந்தான் சுப்பையன் வண்டிய எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"சொல்றனுங்க" என்றார் இவர். முதல் தடவையாக உன் அப்பாவை "ங்க" போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் சொல்லவில்லை மதி. நாலு வருடம், நாலு நோம்பித் திருவிழா. ஒவ்வொரு தடவையும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவார், திரும்பி வந்து ஷெட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். பங்காளிகள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்ற பயம். ஐந்தாவது வருடம் உன் அப்பா இல்லை. அதன் பிறகுதான் யாராவது எதையாவது கேட்டால் இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தார். நீங்கள் எல்லாரும் அதைத் தாராள மனசு என்று சொன்னீர்கள். கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.

சென்னியம்மாள்


கணபதி
18-5-2025

அக்காவுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பழகிய வாய்.

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்று படித்தேன். படித்துவிட்டு லேத்தை ஓட்ட முடியவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவேயில்லை.

"தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? ஊரே பாத்துச்சு. கெணத்துல வண்டி எண்ணெ மெதந்துச்சு. உங்கப்பன் போயி எட்டிப் பாத்துட்டு வந்து, சட்டி பானையக் கட்டுன்னு சொல்லுச்சு."

"அந்த ஆள் நம்ம வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாரே, நீதானே சோறு போட்டாய்?"

"போட்டேன். நீ சிரிச்சுட்டு இருந்தே, அதக் கெடுக்கோணுமா?" உருவின காம்பை ஒதுக்கிவிட்டு, "உங்கப்பன் ஒரு நாளாவது அந்த வண்டிய எம்பட வண்டின்னு சொல்லிக் கேட்டியா?" என்றாள்.

கேட்டதில்லை அக்கா. வண்டி வந்த நாளிலிருந்தே "அம்மணி வண்டி"தான். மகளின் பேரில் பெருமை என்று நானாக நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் எல்லார் மேலும். செத்துப்போன இரண்டு பேர் மேலும், உயிரோடு இருக்கிற உங்கள் இரண்டு பேர் மேலும். எல்லாருமாகச் சேர்ந்து என்னைச் சந்தோஷமாக வைத்திருந்திருக்கிறீர்கள்.

அவர் கொடுத்த ஸ்பேனர்களை எடுத்து வெளியே வீசலாம் என்று போனேன். மறுநாள் ஒருவருக்கு வண்டி கொடுக்க வேண்டியிருந்தது. வேறு ஸ்பேனர் இல்லை. அதையே எடுத்து வேலை செய்தேன். எனக்குத் தெரிந்த தொழில் முழுவதும் அவர் கொடுத்தது. அதைக் கழற்றிப் போட முடியாது. அதே கையால்தான் அவர் என் அப்பாவின் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார், அதையும் நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

கட்டுரையை எழுதிவிட்டேன். பிரதி இதோடு இருக்கிறது. கார்பரேட்டரும் ஸ்பேனரும் இருக்கின்றன. கோயில் வீதியும் கிணறும் இருக்கின்றன. மூன்று பேர் என்று எழுதியிருக்கிறேன், அண்ணாவின் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். அப்பா கேட்டதும், அவர் சொல்லாமல் விட்டதும் இருக்கின்றன. அப்பா கேட்ட அந்த ஒரு வார்த்தை இனி அச்சில்தான் வர முடியும். கிருபாசங்கர் படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினார். "மலர்ல இது வேணுமா மதி?" என்றார். வேண்டும் என்றேன். "அப்ப அந்தம்மாகிட்டக் கேட்டுரு" என்றார்.

அதனால் கேட்கிறேன். மலர் வெளியான பிறகு அந்த வீதியில் இருக்கப் போகிறவர் நீங்கள். காது கேட்காத ஒற்றைப் பொம்பளை. உங்கள் பங்காளிகள் தண்ணீர் மடையை அடைப்பார்கள், கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள், எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடுங்கள், கட்டுரையை எடுத்துவிடுகிறேன். ஆனால் பாதிக் கதையைப் போட மாட்டேன். போட்டால் முழுவதும், இல்லையென்றால் என் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். இருபத்தேழாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

மதிவதனி


கிணத்துக்கடவு
23-5-2025

மதிவதனிக்கு,

கட்டுரையைப் படித்தேன். போடு.

மிதுன் வந்திருக்கிறான். அவனிடமும் கொடுத்தேன். படித்துவிட்டு ஷெட்டுக்குள் போனவன் சாப்பிடக்கூட வரவில்லை. தன் அப்பாவைப் பற்றி இப்படித் தெரிந்துகொள்வது கொடுமைதான். ஆனால் நீ அதைவிட மோசமாகத் தெரிந்துகொண்டாய். பங்காளிகளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். தண்ணீர் மடை என் கிணற்றிலிருந்துதான் அவர்களுக்குப் போகிறது.

உன் கட்டுரையில் ஒரு தப்பு இருக்கிறது. அது உன் தப்பு இல்லை, நான் எழுதியதைப் பார்த்துத்தான் நீ எழுதினாய். அன்றைக்கு நான் அடுப்படியில் இருந்தேன் என்று எழுதினேன். இல்லை.

உன் அப்பா தூங்குகிறாரா என்று பார்த்து வர ஆள் வேண்டும் என்றார்கள். ஆம்பளைகள் வளவுக்குள் போனால் சந்தேகம் வரும். நானே போகிறேன் என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. புதுப் பொண்டாட்டி, வீட்டு ஆட்களிடம் நல்ல பேர் வாங்க வேண்டும் என்று இருந்தது. கடலை பறிக்க ஆள் கூப்பிடுகிற மாதிரி போனேன். உன் அம்மா காட்டு வேலைக்குப் போயிருந்தார். உன் அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் வண்டி நின்றது. அதன் மேல் நீ உட்கார்ந்து, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு வாயால் சத்தம் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தாய்.

நீ மேலே இருந்தால் வண்டியை எடுக்க முடியாது. தூக்கி இறக்கியிருக்கலாம். உன்னைத் தொடக் கூடாது என்று தொடவில்லை. முந்தானையில் ஒரு பொரி உருண்டை முடிந்து கொண்டுபோயிருந்தேன். அதைக் காட்டி, "வா கண்ணு" என்று கூப்பிட்டேன். நீயே இறங்கி என் பின்னால் வந்தாய். வளவுக்கு வெளியே புளியமரம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், உருண்டையை உன் கையில் படாமல் கல்லின் மேல் வைத்தேன். நீ எடுத்துத் தின்றாய். தோப்புப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. நீ வாயில் பொரியோடு என்னைப் பார்த்துச் சிரித்தாய், "எங்கப்பா வண்டி" என்றாய்.

முப்பத்தாறு வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம்கூடப் பேசியதில்லை. அவர் நோம்பியன்று ஊர் நடுவில் வாயைத் திறக்காமல் வந்ததற்குப் பங்காளிகள் மட்டும் காரணம் இல்லை. சொன்னால் என்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டுரையில் மூன்று பேர் என்று இருப்பதை நான்கு பேர் என்று மாற்று. அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைப் போடு.

சென்னியம்மாள்